மாடு இரைக்கிறது, கார்டிசால் மட்டும் 'குறைவு' என்கிறது ரிப்போர்ட்: எதை நம்புவது?

காரிமங்கலம்_கறவை

வணக்கம். தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் ஆறு உருப்படி கட்டிய சின்னத் தொழுவம். நாலு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம், ரெண்டு ஜெர்சி கலப்பினம். கூரை சிமெண்ட் அட்டை, தாழ்வாரம் ஏழடி உயரம். மூணு வாரமா வெயில் இறங்கவே இல்லை. மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் அளவில் இருக்கு. ராத்திரியும் 26-க்குக் கீழே போறதில்லை.

மதியம் 3 மணிக்கு விலாவைப் பார்த்து எண்ணினா எச்.எஃப். மாடுங்க நிமிஷத்துக்கு 85 முதல் 90 தடவை மூச்சு வாங்குது. வாயில் நுரை, எச்சில் கயிறு மாதிரி ஒழுகுது. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 39.7 டிகிரி. நல்லாக் கறக்கும் மாடு 13 லிட்டரில் இருந்து 9-க்கு வந்துடுச்சு. பாலின் கொழுப்பு 4.0 சதவீதத்தில் இருந்து 3.3.

அந்த மாட்டுக்கு காலை 11 மணிக்கு ரத்தம் எடுத்து ஒரு ஆய்வகத்தில் கார்டிசால் (அயர்ச்சியில் சுரக்கும் ஹார்மோன்) பார்த்தது. 0.6 மைக்ரோகிராம்/டெசிலிட்டர்னு வந்திருக்கு. பக்கத்திலேயே 'இயல்பு அளவு 5–25'னு அச்சடிச்சு, 'குறைவு'ன்னு குறி போட்டிருக்கு.

வெப்ப அயர்ச்சின்னா கார்டிசால் ஏறத்தானே வேணும்? எப்படிக் குறையும்? குறைவா இருக்கறதால ஸ்டீராய்டு ஊசி போட்டு ஈடுகட்டினா இரைப்பு அடங்கும்னு ஊரில் சொல்றாங்க, செய்யலாமா? ஃபாகர் (பொடிச் சாரல் அடிக்கற கருவி) வாங்கலாமா? ஜெர்சியில் ஒண்ணு எட்டு மாசச் சினை, பால் வத்த வெச்சாச்சு. அதுக்குத் தனியா ஏதாவது செய்யணுமா? விவரமா எழுதுங்க.

---

உடலியல்_மருத்துவர்

ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். அதுவும் அந்தச் சினை மாட்டின் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். முதலில் கார்டிசால் ஏன் ஏறவில்லை என்பதைப் பார்ப்போம்.

வெயில் புதிதாகத் தாக்கும் நாளில் மாட்டின் உடம்பில் இரண்டு அபாய மணிகள் அடிக்கும். முதல் மணி நரம்பு வழியாக அடிக்கும். அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியிலிருந்து அட்ரினலின் நொடிகளில் ரத்தத்தில் கலக்கும். இரண்டாவது கொஞ்சம் சுற்றி வரும். மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி ஏசிடிஎச் ஹார்மோனை விடும், அது ரத்தத்தில் போய் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியைத் தூண்டும், அங்கிருந்து கார்டிசால் வரும். இதற்குச் சில நிமிடம் பிடிக்கும். கார்டிசால் கல்லீரலைக் குளுக்கோஸ் செய்யச் சொல்லும், சதையில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் உடைத்துக் கொடுக்கும். நிமிடத்துக்கு 90 தடவை விலா ஏறி இறங்குவதும் உழைப்புதான். அந்த உழைப்புக்கு வேண்டிய எரிபொருளைக் கார்டிசால்தான் திரட்டித் தருகிறது. ஆகவே முதல் சில மணி நேரத்தில், முதல் ஒன்றிரண்டு நாளில் ரத்தம் எடுத்தால் கார்டிசால் ஏறித்தான் இருக்கும்.

ஆனால் எரிபொருளை எரித்தால் சூடு வரும். வெளியே தள்ள வழியில்லாத மாட்டுக்கு உள்ளே கூடுதலாக ஒரு அடுப்பு எரிவது ஆபத்து. அதனால் வெயில் நாள் கணக்கில், வார கணக்கில் நீடிக்கும்போது உடம்பு வழியை மாற்றிக்கொள்கிறது. கார்டிசால் பழைய அளவுக்கே திரும்பும், சில மாடுகளில் அதற்கும் கீழே போகும். தைராய்டின் டி3, டி4 ஹார்மோன்களும் குறையும். மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். மூன்றுக்கும் நோக்கம் ஒன்றுதான், உள்ளே உண்டாகும் வெப்பத்தைக் குறைப்பது. மூன்று வார வெயிலுக்குப் பிறகு உங்கள் மாட்டில் கார்டிசால் ஏறாமல் இருப்பது சுரப்பி கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. மாடு வெயிலோடு ஒத்துப்போய்ச் சுகமாக இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. 39.7 டிகிரியும் 90 மூச்சும் அந்த மாடு இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று சொல்கின்றன. அவற்றை நம்புங்கள்.

வியர்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும், தீவனத்துக்கு அது முக்கியம். மனிதனுக்கு வியர்வைச் சுரப்பியைத் தூண்டுவது அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருள். மாட்டுக்கு அந்த வேலையைச் செய்வது அட்ரினலின் குடும்பம். வியர்வையின் சரக்கும் வேறு. நம் வியர்வையில் சோடியம் அதிகம், மாட்டு வியர்வையில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் வெளியேற வெளியேற, அதை மேலும் சிறுநீரில் கழிக்கச் சொல்லும் ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு அட்ரினல் ஹார்மோன் அடங்கிவிடும். ஆல்டோஸ்டீரோன் அடங்கினால் சோடியத்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, அது சிறுநீரில் போகும். கடைசியில் பொட்டாசியம் தோல் வழியாகவும் சோடியம் சிறுநீர் வழியாகவும் கரைகின்றன. தொழுவத்தில் மாடுகள் சுவரை நக்குவதையும் ஒன்றை ஒன்று நக்குவதையும் கவனித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் உப்புத் தேட்டம்.

கொழுப்பு 3.3-க்கு இறங்கியதற்கு வழி இது. இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும், ரத்தம் காரப்பக்கம் சாயும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளும். உமிழ்நீரில் இருக்கும் பைகார்பனேட்டோ வாயிலிருந்து தரைக்கு ஒழுகிவிடும். முதல் வயிற்றில் அமிலத்தைத் தணிக்க வேண்டிய சரக்கு இரண்டு பக்கமும் இழப்பு. ரத்தத்தில் காரம், வயிற்றில் அமிலம். நார் செரிப்பது குறையும், கொழுப்பும் இறங்கும்.

பால் குறைந்தது தீனி குறைந்ததால் மட்டும் இல்லை. அதே அளவு குறைவாகத் தின்னும் மாட்டைக் குளிர்ந்த இடத்தில் கட்டி ஒப்பிட்டுப் பார்த்ததில், இழந்த பாலில் ஏறக்குறைய பாதிக்குத்தான் தீனி பொறுப்பு. மீதி ஹார்மோன் மாற்றம். பட்டினி கிடக்கும் மாட்டில் இன்சுலின் குறைந்து கொழுப்பு கரைந்து பாலுக்குப் போகும். வெயிலில் வாடும் மாட்டில் இன்சுலின் குறைவதில்லை, கூடவும் செய்யும். கொழுப்பு கரையாமல் நிற்க, குளுக்கோஸைச் சதை இழுத்துக்கொள்ளும், மடிக்குப் போவது குறையும். அதனால்தான் தீனியை மட்டும் ஏற்றிப் போட்டு இந்தப் பாலைத் திரும்பப் பிடிக்க முடியாது. சூட்டை இறக்கியாக வேண்டும்.

வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து மாட்டை எவ்வளவு வாட்டுகிறது என்று காட்டும் வெப்ப ஈரப்பதக் குறியீட்டைக் கையாலேயே கணக்குப் போடலாம். வெப்பநிலையை 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டுங்கள். உங்கள் 38 டிகிரிக்கு 100.4. அடுத்து ஈரப்பத சதவீதத்தை 0.0055-ஆல் பெருக்கி 0.55-லிருந்து கழியுங்கள். 30 சதவீதத்துக்கு 0.385. பிறகு 38-ஐ 1.8-ஆல் பெருக்கி 26 கழித்தால் 42.4. இந்த இரண்டையும் பெருக்கினால் 16.3. அதை 100.4-லிருந்து கழித்தால் 84. நன்றாகக் கறக்கும் மாட்டுக்கு 68 முதல் 72-லேயே சிரமம் தொடங்கிவிடும். மதியம் 84 என்பதைவிட என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் இரவு. 26 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்தால் குறியீடு 75. அதாவது உங்கள் மாடு 24 மணி நேரமும் எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் இரவு 21 டிகிரி, 70 சதவீதம் என்று இறங்கினால் 68. பகலில் சேர்ந்த சூட்டை அங்கே மாடு விடிவதற்குள் இறக்கி வைத்துவிடும். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களிலேயே ஒருவருக்குப் பலிக்கும் வழி இன்னொருவருக்குப் பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன் போன்றவை கார்டிசாலின் வேலையை அதைவிடப் பல மடங்கு வலுவாகச் செய்பவை. போட்டதும் பிட்யூட்டரி 'போதும்' என்று ஏசிடிஎச்-ஐ நிறுத்தும், மாட்டின் சொந்தக் கார்டிசால் இன்னும் அடங்கும். வெள்ளணுக்கள் வேலை குறையும், ஒளிந்திருந்த மடி நோய் கிளம்பும், பாலும் குறையும். இரைப்பு நிற்காது. இரைப்பு என்பது மாடு சூட்டை வெளியேற்றும் வழி, அதை நிறுத்துவது நம் நோக்கமே இல்லை.

சினை மாட்டில் இது எவ்வளவு கேடு என்பதற்கு ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாய் இல்லை, கன்று. நாள் நிறைந்ததும் கன்றின் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை ஏற்றும். அது நஞ்சுக்கொடிக்குப் போய், சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதியைத் தூண்டும், பிறகு கருப்பை சுருங்கத் தொடங்கும். வெளியிலிருந்து போடும் ஸ்டீராய்டு அந்தக் கன்றின் குரலில் பொய்யாகக் கூப்பிடுவது மாதிரி. எட்டாம் மாதத்தில் போட்டால் குறைமாதக் கன்று விழலாம், நஞ்சுக்கொடி விழாமல் தங்கலாம். ஸ்டீராய்டுக்கு மருத்துவத்தில் இடம் உண்டு, அது மாட்டைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. வெயிலுக்கு அது மருந்து இல்லை.

---

ஆய்வக_மேசை

ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் 5–25 மைக்ரோகிராம் என்பது மனிதருக்கான காலை நேர அளவு. மாட்டுக்கு அதை வைத்துப் பார்க்கவே கூடாது.

1 மைக்ரோகிராம்/டெசிலிட்டர் என்றால் 10 நானோகிராம்/மில்லிலிட்டர். உங்கள் 0.6 என்பது 6 நானோகிராம். பழகிய, பதறாத மாட்டில் 10 நானோகிராமுக்குக் கீழே இருப்பது சாதாரணம். ஆகவே அது 'குறைவு' இல்லை, மாட்டுக்கு உரிய அளவுதான். சில ஆய்வகங்கள் நானோமோல்/லிட்டரில் தரும், அதை 2.76-ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும். அலகைப் பார்க்காமல் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு சிக்கல், ரத்தம் எடுப்பதே மாட்டைப் பதற வைக்கும். கயிறு போட்டு, மூக்கைப் பிடித்து, கழுத்து நரம்பில் இரண்டு தடவை குத்தினால் சில நிமிடத்திலேயே கார்டிசால் எகிறும். பிடித்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுத்த ரத்தம்தான் அதற்கு முந்தைய நிலையைச் சொல்லும். அதற்குப் பிறகு எடுத்தது நீங்கள் பிடித்த பிடியைத்தான் சொல்லும். அதோடு கார்டிசால் சீராக ஓடுவது இல்லை, விட்டு விட்டு அலையாக வரும். ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

நீண்ட நாள் அயர்ச்சியை அளக்க ஆராய்ச்சியில் வேறு பொருள்களை எடுப்பார்கள். சாணத்தில் கார்டிசால் உடைந்த எச்சம் வரும், அது ஏறக்குறைய அரை நாள் முன்பு நடந்ததைக் காட்டும். மாட்டைத் தொடாமலே எடுக்கலாம் என்பது அதில் பெரிய வசதி. எடுத்த உடனே உறைய வைக்க வேண்டும், வெயிலில் கிடந்த சாணத்தில் கிருமிகள் எச்சத்தை மாற்றிவிடும். வால் நுனி ரோமம் வளரும்போது வார கணக்கில், மாத கணக்கில் சேர்ந்ததைச் சொல்லும். அதற்கு ஒரு இடத்தை மழித்துவிட்டு, புதிதாக முளைத்ததை மட்டும் எடுக்க வேண்டும். சாணமும் மூத்திரமும் ஒட்டிய ரோமம் பயன்படாது.

இந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கும் காசில் நல்ல டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கலாம். தொழுவத்துக்கு அதுதான் உதவும்.

---

பாலக்கோடு_தீவனம்

ஃபாகர் பற்றி. நம்ம ஊரில் மதியம் காற்று காய்ஞ்சு கிடக்கறதால ஃபாகர் போட்டா கொட்டகை குளிரும், அது உண்மை. ஆனா ஏழடித் தாழ்வாரம், காற்றோட்டம் குறைவு, சிமெண்ட் அட்டைன்னு சொல்றீங்க. பொடிச் சாரல் உள்ளேயே நின்னு ஈரப்பதம் ஏறும். ஏறினா மாட்டின் வியர்வையும் மூச்சும் காயாது. இன்னொண்ணு, பொடிச் சாரல் ரோமத்தின் நுனியிலேயே முத்து முத்தா உட்கார்ந்துக்கும், தோலுக்குப் போகாது. அடியில் இருக்கும் காற்று போர்வை மாதிரி சூட்டைப் பிடிச்சு வெக்கும். ஈரம் தோலைத் தொடணும், தொட்ட ஈரம் காயணும். குளிர்ச்சி வர்றது அது காயும்போதுதான்.

அதனால பெரிய துளி போடும் ஸ்பிரிங்ளர் அல்லது சாதாரண ஹோஸ் பைப் போதும். முதுகும் விலாவும் தோல் வரை நனையற மாதிரி ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஊத்துங்க. நிறுத்திட்டு ஃபேனை 10 முதல் 12 நிமிஷம் ஓட விடுங்க, முதுகு ரோமம் காத்தில் அசையணும். காய்ஞ்சதும் மறுபடி நனைங்க. இப்படி ஒரு சுற்று கால் மணி நேரம், மூணு நாலு சுற்று சேர்ந்தா ஒரு வேளை. தண்ணி விலாவில் வழிஞ்சு மடிக்கு இறங்கற அளவுக்கு ஊத்தக் கூடாது. ஈர மடியோட சாணத்தில் படுத்தா மடி நோய் நிச்சயம். ஃபேன் இல்லாம தண்ணி மட்டும் ஊத்தறதும் பாதி வேலைதான்.

எப்போ செய்யணும்கறதில்தான் நிறையப் பேர் தவறவிடறாங்க. மதியம் 12-ல் இருந்து 4 வரை செய்யறது எல்லாருக்கும் தெரியும். உங்க இடத்துக்கு ராத்திரி 7-ல் இருந்து 9-க்குள் இன்னொரு வேளை அவசியம். சிமெண்ட் அட்டை பகல் சூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு இருட்டினப்புறம் கீழே விடும். அட்டைக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளை அடிங்க, அடியில் ஒரு அடி இடைவெளி விட்டு தென்னங்கீற்று கட்டுங்க. முடிஞ்சா ராத்திரியில் மாட்டை வெளியே திறந்த வெளியில் கட்டறது எல்லாத்தையும் விட மேல். தெளிஞ்ச வானத்துக்கு மாடு தன் சூட்டை விடும், அட்டைக்கு அடியில் அது முடியாது.

கறக்கறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு சுற்று குளிர வெச்சு, மடியைத் துடைச்சு, அமைதியாக் கறங்க. பதறின மாட்டில் அட்ரினலின் ஏறினா மடிக்கு ஓடும் ரத்தக் குழாய் சுருங்கும், ஆக்ஸிடோசின் மடிக்குச் சரியாப் போய்ச் சேராது, மாடு பாலை அடக்கிக்கும். ஆக்ஸிடோசின் வேலை செய்யறதே சில நிமிஷம்தான். அடக்கின பால் மடியில் தங்கினா அடுத்த வேளைக்கும் குறையும். வெயிலில் பால் குறைஞ்சதுன்னு நினைக்கறதில் ஒரு பங்கு இப்படி மடியிலேயே நின்னதா இருக்கும்.

தீவனம். 400 கிலோ மாடு உலர் எடையில் 12 கிலோ தின்னுதுன்னு வெச்சுக்குங்க. சமையல் சோடா ஒரு நாளைக்கு 120 கிராம், ரெண்டு வேளையாப் பிரிச்சு அடர்தீவனத்தில் கலந்து. முதல் மூணு நாள் 50 கிராமில் ஆரம்பிங்க, இல்லைன்னா மாடு முகத்தைத் திருப்பிக்கும். தண்ணியில் கரைச்சு வெக்க வேண்டாம், உவர்த்துப் போய் தண்ணியே குடிக்காம விட்டுடும். கல்லுப்பு 40–50 கிராம், தாது உப்புக் கலவை 50 கிராம். பொட்டாசியத்துக்குப் பசுந்தீவனம் நல்ல வழி, கோ-4, கோ-5 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) தட்டில் நிறைய இருக்கு. ராகித் தாளும் வைக்கோலும் மட்டும் போடற தொழுவத்தில்தான் வெயில் காலத்தில் பசுந்தீவனப் பற்றாக்குறை ரொம்ப உறைக்கும்.

அடர்தீவனம் உடம்புக்கு 1.5 கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பால் குறைஞ்சதுன்னு பயந்து மக்காச்சோள மாவைக் கூட்டிப் போடாதீங்க, வயித்தில் ஏற்கெனவே அமிலம் ஏறி இருக்கும்போது அது நெருப்பில் எண்ணெய். தின்ன தீவனம் வயித்தில் நொதிச்சு உண்டாகும் சூடு தின்ன மூணு நாலு மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். காலை 10 மணிக்குப் போட்டா அந்தச் சூடும் வெயிலும் சரியா மதியத்தில் ஒண்ணா வந்து மோதும். அதனால மூணில் ஒரு பங்கை விடியக்காலை 5 மணிக்கும், மீதியைச் சாயங்காலம் 6-க்கு மேலயும் போடுங்க. தாளும் தட்டும் ராத்திரிக்கு.

கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. மாங்கூழ் ஆலை ஓடும் மாசங்களில் தோலும் கழிவும் மலிவாக் கிடைக்குதுன்னு கூடை கூடையாக் கொட்டறாங்க. அதில் சர்க்கரைதான் அதிகம், புரதம் குறைவு. எச்சில் ஒழுக்கி பைகார்பனேட்டை இழந்து நிக்கற மாட்டுக்கு அதைக் கொட்டினா அமில நோய் ஒரே ராத்திரியில் வந்துடும். போடணும்னா அன்னன்னைக்கு வந்த புதுசு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கி, முன்னாடி தாள் தின்ன வெச்சு. புளிச்ச வாடை வந்தா எருக்குழிக்கு.

தண்ணி ஒரு மாட்டுக்கு 80–100 லிட்டர் எந்த நேரமும் கிடைக்கணும். கருப்பு டேங்கில் இருந்து நேரா வர்ற மதியத் தண்ணி கையில் பட்டாலே சுடும், மாடு நாலு வாயோட நிறுத்திடும். தொட்டி நிழலில் இருக்கட்டும், டேங்கைக் கோணிப்பை சுத்தி நனைச்சு வெய்யுங்க.

---

காரிமங்கலம்_கறவை

ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம், சமையல் சோடாவை எட்டு மாசச் சினை மாட்டுக்கும் குடுக்கலாமா? இன்னொண்ணு, எச்.எஃப்.ல ஒண்ணு பருவத்துக்கே வரலை. ரெண்டாவது தடவை சினை ஊசி போட்டதும் நிக்கலை. அதுவும் இந்த ஹார்மோன் வேலைதானா?

---

உடலியல்_மருத்துவர்

சினை மாட்டுக்குச் சோடா வேண்டாம். நல்லவேளை கேட்டீர்கள். ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் சோடியமும் பொட்டாசியமும் கூடினால் ரத்தம் காரப்பக்கம் போகும், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் ஏற்பாடு மந்தமாகும். ஈன்ற அன்று பால் காய்ச்சலில் மாடு படுத்துவிடும். அதே காரணத்துக்காகக் கோ-4 தட்டையும் கடைசி மூன்று வாரம் குறைத்து, தாளைக் கூட்டுங்கள். ஈன்ற பிறகு சோடாவைத் தொடங்கலாம்.

ஆனால் நனைத்து ஃபேன் போடுவதில் கறவை மாட்டுக்கு உள்ள உரிமை அதற்கும் உண்டு. பால் இல்லையே என்று வற்றிய மாட்டை வெயில் மூலையில் கட்டுவதுதான் எங்கும் வழக்கம், அது பெரிய இழப்பு. கடைசி இரண்டு மாதத்தில்தான் மடியின் பால் செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன. அப்போது சூடு தாக்கினால் அடுத்த ஈற்று முழுவதும் பால் குறையும். கன்று சில நாள் முன்னதாகவே, எடை குறைவாக விழும். சீம்பாலின் எதிர்ப்புச் சத்தைக் குடல் வழியாக உறிஞ்சும் திறனும் அந்தக் கன்றுக்குக் குறைவாக இருக்கும்.

பருவம் வராதது பற்றி. ஏசிடிஎச்-ம் கார்டிசாலும் ஏறும் வேளையில், முட்டையை வெளியே விடச் சொல்லும் எல்.எச். ஹார்மோனின் எழுச்சி தள்ளிப்போகும் அல்லது மழுங்கும். ஈஸ்ட்ரோஜனும் குறைவதால் கத்தாது, தாவாது, வழும்பு மட்டும் லேசாகத் தெரியும். அந்த அறிகுறியும் இரவில்தான், சில மணி நேரத்துக்குத்தான். இரவு 10 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊசி போட்ட பிறகு முதல் ஒன்றிரண்டு நாள் கருவுக்கு மிக ஆபத்தான நேரம், அந்த நாட்களில் குளிர்விப்பதில் ஒரு வேளைகூட விடக் கூடாது. மாட்டை ஓட்டிக்கொண்டு போய் ஊசி போட்டு மதிய வெயிலில் நடத்தி வருவது வேலையைக் கெடுத்துக்கொள்வதுதான். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், முட்டை வளரும் காலத்திலேயே சூடு அதைக் கெடுத்துவிடுவதால், மழை வந்து குளிர்ந்த பிறகும் ஒன்றரை இரண்டு மாதம் சினை பிடிப்பது மந்தமாகத்தான் இருக்கும். அதற்குள் மாட்டைத் தள்ளிவிட்டுச் சந்தையில் வேறு வாங்க வேண்டாம்.

---

மத்தூர்_கோழி

இந்தத் திரியில் கோழிக்காரர்களும் படிப்பதால் சேர்க்கிறேன். கோழியில் கார்டிசால் இல்லை, அந்த இடத்தில் கார்ட்டிகோஸ்டீரோன். கோழிக்கு வியர்வைச் சுரப்பியும் இல்லை, வாயைத் திறந்து இரைப்பது மட்டுமே வழி. அதன் இயல்பு வெப்பமே 41–42 டிகிரி என்பதால் தாங்க இடம் குறைவு. கார்ட்டிகோஸ்டீரோன் ஏறினால் ரத்தத்தில் ஹெட்டிரோஃபில் கூடி லிம்போசைட் குறையும் (இரண்டும் வெள்ளணு வகைகள்). இந்த இரண்டின் விகிதம் 0.2 என்றால் அயர்ச்சி குறைவு, 0.8-ஐத் தொட்டால் அதிகம். ஒரு கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை நுண்ணோக்கியில் எண்ணியே பார்க்கலாம், ஹார்மோன் பரிசோதனை வேண்டியதில்லை. பிடித்த பதற்றத்தில் இது உடனே மாறுவதும் இல்லை.

வைட்டமின் சி-யைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே செய்துகொள்ளும், கடும் வெயிலில் அது போதாது. ஒரு கிலோ தீவனத்துக்கு 200–250 மில்லிகிராம் கலந்தால் கார்ட்டிகோஸ்டீரோன் ஏற்றம் தணியும். தண்ணீரில் கலப்பதானால் அதிகாலையில் கலந்து சில மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவு மட்டும். வெயிலிலும் குளோரின் கலந்த நீரிலும் அது சீக்கிரம் அழிந்துவிடும். காலை 10 முதல் மாலை 4 வரை தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். முட்டை ஓடு மெலிவதற்குக் காரணம் மாட்டில் சொன்ன அதே கரியமில வாயு இழப்பு. ஓடு செய்யக் கார்பனேட் போதவில்லை, சுண்ணாம்புக் கிளிஞ்சலை மாலையில் வையுங்கள். மதியத்தில் தடுப்பூசிக்கென்று விரட்டிப் பிடிப்பது, கூண்டு மாற்றுவது எல்லாம் சாவை நாமே கூப்பிடுவது.

---

ஆய்வக_மேசை

காரிமங்கலம் ஐயாவுக்கு, வெப்பமானி வாங்கியதும் அளக்க வேண்டிய நேரம் மதியம் 3 மணி மட்டும் இல்லை. விடியக்காலை 5 மணிக்கு, மாடு எழுந்திருக்கும் முன்பே, படுத்த நிலையில் ஒரு நிமிடம் முழுக்க விலாவை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், தவறு இரட்டிக்கும். பிறகு வெப்பமானியை ஆசனவாய்ச் சுவரோடு சாய்த்து ஒரு நிமிடம் வையுங்கள், சாணத்துக்குள் குத்தி நின்றால் தவறாகக் காட்டும். மூச்சு 40-க்குள்ளும் வெப்பம் 39-க்குள்ளும் வந்திருந்தால் இரவு போதுமான அளவு குளிர்ந்திருக்கிறது. 5 மணிக்கே 60 மூச்சு என்றால் இரவு 7 மணிச் சுற்றோடு 11 மணிக்கும் ஒன்று சேர்க்க வேண்டும். பத்து நாள் எழுதி வைத்து இங்கே போடுங்கள், மாட்டுக்கு மாடு பார்த்துச் சொல்லலாம்.